தாழ்வான கைப்பிடி

பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்த கண்ணாடி மேஜையின் மேல் அவள் வந்து விழுந்தாள்.

மேஜை தூள் தூளானது.

பொம்மைகளின் வரலாற்றை மூன்று மாடிகளில் அடுக்கி வைத்திருந்த அருங்காட்சியகம் அது. புதன்கிழமை காலை. கூட்டமில்லை. கீழே நின்ற காவலாளி அம்மாள் அலறிக்கொண்டு ஓடினாள்.

இரண்டாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான் விழுந்தவளின் கணவன். பல் டாக்டர்.

"சார், மூச்சு இருக்கு..." என்றாள் காவலாளி.

டாக்டரின் முகம் வாடியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படி விழுந்தாங்க?"

"தகரப் பொம்மைகளைப் பார்த்துட்டிருந்தோம் சார். கீழே ரயில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தா... அவ்வளவுதான்."

"பழைய கட்டடம். கைப்பிடி ரொம்பத் தாழ்வு."

"அப்படியா? நான் கவனிக்கலை."

"மூணு தடவை வந்தும் கவனிக்கலையா?"

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தான்.

"டிக்கெட் குடுக்கிற அம்மா அடையாளம் சொல்றாங்க. ரெண்டு தடவை தனியா வந்தீங்களாம். உங்க கிளினிக் நர்ஸைப் பத்தியும் விசாரிச்சேன்."

"அது குத்தமா சார்?"

"இல்லை. தள்ளிவிட்டாதான் குத்தம். அதுக்குச் சாட்சி ஒரே ஆள். உள்ளே படுத்திருக்காங்க. கண்ணு முழிக்கட்டும்."

நான்கு நாட்கள் டாக்டர் அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை. பார்த்தவர்களெல்லாம் உருகினார்கள். அவனோ சாவுச் செய்திக்காகக் காத்திருந்தான்.

நர்ஸ் போன் செய்தாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லை."

"ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியுதா உங்களுக்கு?"

ஐந்தாம் நாள் மனைவி விழித்தாள். முதலில் அவளுடைய அண்ணன் பார்த்துவிட்டு வந்தான். பிறகு சர்ஜன் வந்தார்.

"கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது. உயிருக்கு ஆபத்தில்லை. பேசலாம்."

இன்ஸ்பெக்டர் கட்டிலருகே குனிந்தார்.

"யாரும்மா தள்ளினது?"

அவள் கணவனைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். அவன் சட்டை முதுகோடு ஒட்டியது.

"யாரும் தள்ளலை சார். நானேதான் வழுக்கி விழுந்தேன்."

"பயப்படாம சொல்லுங்க."

"பயமா? இவர் தங்கமான மனுஷன்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தபடி வெளியேறினார். கதவு சாத்திக்கொண்டதும் டாக்டர் அவள் காலடியில் விழுந்து விம்மினான்.

"ஏன்... ஏன் என்னைக் காப்பாத்தினே?"

"உங்க உள்ளங்கை முதுகுல பட்டது நல்லா ஞாபகம் இருக்குங்க."

விம்மல் நின்றது.

"ஜெயிலுக்குப் போனா ஏழெட்டு வருஷத்துல வந்து அவளோட குடித்தனம் நடத்துவீங்க. எனக்கு யார் ஊட்டுவா? யார் கழுவி விடுவா? ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடணுமாம். ஆள் வைக்கக் கூடாது. எல்லாம் உங்க கையாலதான்."

"நான்..."

"ஒருநாள் முகம் சுளிச்சாலும் இன்ஸ்பெக்டர்கிட்ட எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துடும். நான் செத்தா அண்ணன் பேசுவான். அவன்கிட்ட சொல்லியாச்சு. எனக்கு முப்பத்தெட்டு வயசு. எங்க வம்சத்துல எல்லாரும் தொண்ணூறைத் தாண்டினவங்க."

அவன் வாய் திறந்தபடி எழுந்து நின்றான். அவள் புன்னகைத்தாள்.

"வாயை மூடுங்க, பல் டாக்டர். மூக்கு அரிக்குது, வந்து சொறிஞ்சு விடுங்க."