கட்டம் விழுந்த இடம்

பச்சைத் தேயிலை விலை படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் அது. கோத்தகிரிப் பக்கம் கல்யாணங்களே சுருங்கிப்போயிருந்தன. போட்டோக்காரனுக்கு மட்டும் பிழைப்பு எங்கிருந்து வரும்? கட்டபெட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த கதிரிடம், ஊட்டிக் கடைக்காரர் ஒரு புது போர்ட்ரெய்ட் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டில் எது சட்டென்று ஆளின் கண்ணில் ஃபோகஸ் பிடிக்கிறது என்று பார்த்துவிட, மனைவி மனிஷாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கீழ் கோத்தகிரியில் மூடிக்கிடந்த ஓர் எஸ்டேட்டுக்கு மத்தியானம் போய் இறங்கினான்.

அங்கே ஒரு மடுவம் இருந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் மூட்டையை இறக்கி எடை போடும் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் திறப்பு, மெத்தென்ற வெளிச்சம், உள்ளே ஒரு மரபெஞ்சு. காவலுக்கு இருந்த செல்லையா சிலோனிலிருந்து வந்த மனுஷர். தாராளமாகப் போகச் சொன்னார்.

"படம் புடிங்க தம்பி. ஆனா அங்க யாரையும் காக்க வச்சிராதீங்க."

"ஏனுங்க?"

"இனிமே எலை எடுக்க மாட்டோம்னு பேக்டரியைச் சாத்துன அன்னைக்கு, மூக்கம்மா மூட்டையோட அங்கதான் உக்காந்திருந்தா. எடை போட ஆள் வரும், அசையாம இருன்னு சொல்லிட்டுப் போனாங்க. யாரும் வரல. ராவெல்லாம் உறைபனி. விடிஞ்சு பாத்தா, உக்காந்தபடியே வெறச்சுப் போயிருந்தா."

கதை சொல்வதற்குக் காசா பணமா என்று நினைத்துக்கொண்டான் கதிர்.

மனிஷா கோயம்புத்தூர்க்காரி, குளிர் ஆகாது. சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் பழைய லென்ஸ். கேமரா எந்தக் கண்ணைப் பிடிக்கிறதோ, திரையில் அதன்மேல் ஒரு சின்னக் கட்டம் விழும். லென்ஸ் கிர்ரென்று முன்னும் பின்னும் அலைந்து நின்றது. கட்டம் மனிஷாமேல் விழவில்லை. பெஞ்சுக்கு இந்தப் பக்கம், வெறும் தரைக்கு மேலே, ஆள் நின்றால் முகம் இருக்கிற உயரத்தில் விழுந்தது. லென்ஸின் தலையிலிருந்த தூரக்கோடு இரண்டு மீட்டர் காட்டியது. மனிஷா இருந்ததோ மூன்றில். படத்தில் அவள் முகம் கலங்கிக் கிடந்தது.

"கிழடாயிருச்சு," என்று லென்ஸைத் திட்டினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போட்டோக்காரனுக்கு எப்போதும் லென்ஸ்தான் கோணல்.

புதிதை மாட்டினான். சத்தமே இல்லை. கண் இமைப்பதற்குள் கட்டம் விழுந்தது.

அதே வெற்றிடத்தில்.

இல்லை. பெஞ்சுக்கு ஓர் எட்டு கிட்டத்தில்.

பச்சைக் கொழுந்து வாடுகிற வாசனை அடித்தது. அந்தக் கொட்டகைக்கு இலை வந்தே பல வருஷமாகியிருந்தது.

"ஏனுங்க, குளுருதுங்க. போலாமா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, கண்ணு. அசையாம உக்காரு."

மறுபடி பழையது. மறுபடி புதிது. ஒவ்வொரு முறையும் அவளை உட்காரச் சொன்னான், ஒவ்வொரு முறையும் கட்டம் அவளை நோக்கி நகர்ந்தது. மூடுபனி கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது. ஒரு லென்ஸ் பொய் சொல்லலாம். இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுமா? கதிர் போதும் என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் விரல் பழகிய பழக்கத்தில் அழுத்திவிட்டது.

இந்த முறை கட்டம் மனிஷாவின் கண்ணிலேயே விழுந்தது.

ஒவ்வொரு இமைமயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் எடுத்ததிலேயே அவ்வளவு துல்லியமான படம் வேறில்லை.

அதைப் பார்த்ததும் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான்.

"எந்திரி மனிஷா. போயிரலாம்."

அவள் எழுந்து வந்தாள். தலை குனிந்திருந்தது. அவன் கையைப் பற்றினாள். ஆற்றில் கிடந்த கல்லைப் போலச் சில்லென்றிருந்தன விரல்கள். நுனியெல்லாம் கறுப்பாகக் கொழுந்துக் கறை.

"எடை பாத்தாச்சா, தொரை?" என்று மெல்லக் கேட்டாள். "நான் லயத்து வீட்டுக்குப் போகலாமா?"

அவன் கழுத்தில் தொங்கிய கேமராவை ஒற்றைக் கையால் பெஞ்சுப் பக்கம் தூக்கினான். வெறும் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை.

திரையில் கட்டம் விழுந்திருந்தது, ஆடாமல்.

கட்டத்துக்குள் மனிஷா உட்கார்ந்திருந்தாள். சால்வையை இறுக்கிப் பிடித்தபடி, அவன் சொன்னதுபோலவே அசையாமல். உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் திறந்து மூடின.

"இப்ப அசையலாமுங்களா?"

பற்றியிருந்த சில்லிட்ட கை அவனை ஸ்கூட்டரை நோக்கி இழுத்தது.