அனிதா அழுத்தாத பட்டன்

கழிவுநீர்த் தொட்டியிலிருந்து தூக்கியபோது கந்தவேல் தலைமுதல் கால்வரை நீலமாக இருந்தான்.

அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது நேவி புளூ ஆர்டர்.

மூச்சு இல்லை!

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்தச் சாயப்பட்டறையில் கந்தவேல்தான் டையிங் மாஸ்டர். பம்ப் அடைத்துக்கொண்டதென்று தொட்டிக்குள் இறங்கியவன், விஷவாயு தாக்கி அங்கேயே விழுந்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் விஜயகுமாரி மூக்கைப் பொத்தியிருந்த கைக்குட்டையை விலக்கினாள். முதலாளி சிவசுப்பிரமணியத்திடம் திரும்பினாள்.

"வாயு இருக்குதான்னு பாக்காமயா ஆளை எறக்குனீங்க?"

"அய்யோ, இல்லீங்க மேடம்! கம்ப்யூட்டர்ல பர்மிஷன் வந்தாத்தான் எறங்கோணும். ஒண்ணு நான் குடுக்கோணும், இல்லீன்னா லேப் இன்சார்ஜ் அனிதா குடுக்கோணும். நீங்களே பாருங்க..."

ஆபீஸ் அறையில் லாகின் செய்து, மானிட்டரைத் திருப்பிக் காட்டினார்.

'வாயு இல்லை. இறங்கலாம். அனுமதித்தவர்: அனிதா.'

"வர்ற தையில அனிதாவுக்கும் கந்தவேலுக்கும் கல்யாணமுங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "நேத்து கேன்டீன்ல பெரிய சண்டை..."

மூலையில் நின்றிருந்த அனிதா விம்மினாள்.

"நான் குடுக்கலீங்க மேடம்! காலைல வந்து லாகின் பண்ணேன்... அவ்வளவுதானுங்க. என் பேரைப் பாத்துட்டு நம்பி எறங்கியிருக்காரு..."

"உங்க பாஸ்வேர்ட் வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க..."

விஜயகுமாரிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவத்தை எஃப்.ஐ.ஆரில் எழுத முடியாது.

"ஜீப்புல ஏறும்மா."

"நில்லுங்க மேடம்!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான் ஓர் இளைஞன். நிதிஷ். கம்பெனியின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்பவன்.

"அனிதா குடுக்கலீங்க! அந்தப் பேரே பொய்ங்க!"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா தம்பி?"

"எழுதினவன் தப்பா எழுதினா சொல்லுமுங்க. ஒவ்வொருத்தர் பாக்கற பேஜும் சர்வர்ங்கற மெயின் கம்ப்யூட்டர்லதான் தயாராகுது. பேஜைக் கேக்கறது யாருன்னு ஆளாளுக்குத் தனித்தனியா வெக்கோணும். அதுக்குப் பேரு செஷன். இதுல எல்லாருக்கும் பொதுவா ஒரே எடத்துல வெச்சிருக்குது. கடைசியா யார் லாகின் பண்றாங்களோ, அவங்க பேருதான் கம்பெனி முழுக்க! அவங்க பவரும் சேர்ந்தே வந்துரும்!"

"புரியலை. காட்டுங்க."

முதலாளியின் திரையில் 'வணக்கம், சிவசுப்பிரமணியம்' என்றிருந்தது. நிதிஷ் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் லாகின் செய்தான்.

"இப்ப அதை ரெஃப்ரெஷ் பண்ணுங்க."

'வணக்கம், நிதிஷ்.'

"ஏனுங்க! இது என்ற கம்ப்யூட்டருங்க!" முதலாளி அலறினார்.

விஜயகுமாரி திரையை நோக்கிக் குனிந்தாள்.

"அப்ப வேற யாரோ தன் எடத்துல இருந்தே பட்டனை அழுத்தியிருக்காங்க. பேரு மட்டும் அனிதா பேரு."

"அதேதானுங்க மேடம்!"

"எழுதினது யாரு?"

"எனக்கு முன்னாடி இருந்தவருங்க. பெங்களூர் போயிட்டாரு. இப்படியொரு தப்பு இருக்குதுன்னு அவருக்கே தெரியாது. போன மாசம் நான்தான் கண்டுபிடிச்சேன்." குரலில் கொஞ்சம் பெருமை.

"கெட்டிக்காரரு. யார்கிட்டயெல்லாம் சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலீங்க."

"சரி பண்ண ரொம்ப நாளாகுமோ?"

"அரை நாள் வேலைதானுங்க."

"அப்புறம் ஏன் தம்பி ஒரு மாசமாச் சரி பண்ணலை?"

நிதிஷ் கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தான்.





அனிதா மெல்ல முன்னால் வந்தாள். "நிதிஷ்... நீங்களா?"

அவன் உடைந்தான்.

"பழி உன் பேர்ல விழக்கூடாது அனிதா! முதலாளி பேர்லதான் விழுந்திருக்கோணும்! அவர் லாகின் பண்ணினதைப் பாத்துட்டுத்தான் பேஜைத் தெறந்தேன். பட்டனை அழுத்தறதுக்குள்ள நீ லாகின் பண்ணிட்டே! நீ ஏன் இன்னிக்குச் சீக்கிரம் வந்தே? அவன் இல்லீன்னா... நீ என்னைக் கட்டிக்குவேன்னு..."

"அவருகிட்டச் சமாதானம் பேசலாம்னு வந்தேன்" என்றாள் அனிதா.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது விஜயகுமாரிக்கு.

"என்ற பேர்லயா?" என்று கேட்டபடி சிவசுப்பிரமணியம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

விஜயகுமாரி தலையசைக்க, கான்ஸ்டபிள் பொன்னுச்சாமி நிதிஷின் கையில் விலங்கை மாட்டினார்.

"மேடம்... ஸ்டேஷன் லாக்கப்புல ஏற்கெனவே மூணு பேர் இருக்கறாங்க. இவரைத் தனியா வெக்கறதுங்களா?"

"எதுக்கு?" என்றாள் விஜயகுமாரி, ஜீப்பில் ஏறிக்கொண்டே. "எல்லாருக்கும் பொதுவா ஒரே எடம்னா அவருக்குத்தான் ரொம்பப் பிடிக்குமே!"