ட்ராக் பாடியவள்

பாட்டு வெளியான அன்று மாலையே அது பழைய பாட்டாகிவிட்டது. அதுதான் அவளை முதலில் உறுத்தியது.

அவள் ட்ராக் பாடகி. பெரிய பாடகி கேட்டுப் பழகுவதற்காக முழுப் பாட்டையும் முதலில் பாடித் தருபவள். அந்தம்மா வந்து பாடி முடித்ததும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். தொழிலே அப்படி, கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? இந்தப் பாட்டுக்கும் அதேதான். பள்ளிக்கூட நாட்களின் கேசட் பாட்டுகளைப் போலவே வேண்டுமென்று செய்த மெட்டு, துள்ளும் கீபோர்டு, மெஷின் தாளம், நடுநடுவே பளிச் பளிச்சென்று கைதட்டல். கேட்டால் கால் சும்மா இருக்காது.

அவள் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே கூடத்து ஸ்பீக்கரில் அது ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாடை. பொழுது சாய்ந்தும் யாரும் விளக்கைப் போடவில்லை. ஸ்பீக்கரின் பொட்டு நீல வெளிச்சத்தில் கணவனும் அவன் மடியில் மகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை வருஷமாச்சு இதைக் கேட்டு!" என்றான் கணவன்.

"நல்லா இருக்கே கதை! இன்னிக்குக் காலையிலதாங்க வந்துச்சு" என்று சிரித்தாள்.

அவன் திரும்பவில்லை.

"அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்லப்பா?" என்று மகள் கேட்டாள்.

"உசுரு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவ இருந்தப்போ வீடே இப்படித்தான் ஆடும்."

இருந்தப்போ. ஸ்டுடியோ இன்ஜினியரை போனில் பிடித்தாள்.

"தம்பி, என் குரலை எதுல இருந்தெல்லாம்டா அழிச்ச?"

"ஹலோ, யாருங்க? சத்தமே வரலையே, பின்னாடி பாட்டு மட்டும்தான் கேக்குது." பிறகு பக்கத்தில் யாரிடமோ சொன்னான்: "என்ன பாட்டுய்யா! ட்ராக் பாடுன அக்கா உயிரோட இருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க."

"கண்ணம்மா!" என்று மகளைக் கூப்பிட்டாள். கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

கைதட்டல் கேட்டது. கீபோர்டு கேட்டது.

பாட்டு முடிந்தது. குழாய் சொட்டியது. கணவனின் மூச்சு. மகளின் மூச்சு. அவளுடைய மூச்சைக் காணோம்.

"அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?"

கணவன் நெற்றியைச் சுருக்கினான். நிறைய நேரம் யோசித்தான். சொல்லுங்க, சொல்லுங்க என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. ரிமோட்டில் பட்டனை அழுத்தினான்.

"இதோ, இப்படித்தான்."

கீபோர்டு துள்ளியது. பெரிய பாடகி பாடத் தொடங்கினாள்.

மகள் இறங்கி ஓடி ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டாள். "அம்மா" என்றாள், அதனிடம்.

அவள் மண்டியிட்டாள். மகளின் கன்னத்தில் கை வைத்தாள்.

கொசு என்று நினைத்துக் குழந்தை பட்டென்று அடித்தாள். சரியாகத் தாளத்தில்.