உரிமையாளர் சம்மதித்துவிட்டார்

மாற்றத்துக்கு உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்று கறுப்புத் திரையில் ஒரு வரி இருந்தது. ஓதிலியா படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையின் நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தாள். கண்ணாடியில் குற்றமில்லை. உரிமையாளர் என்பது அவள் மகன் தாமியான். அவன் கடலோடு போய் இது இரண்டாவது மழைக்காலம். உடல் கிடைக்கவில்லை.

உலகத்தின் தென்கோடியில் இருக்கும் சிலோவே தீவில் தங்கும் விடுதிகள், படகுக்காரர்கள், சிப்பிக் கடைகள் என்று பாதிப் பேருடைய இணையதளப் பெயர்களுக்கு ஓதிலியாதான் காவல். எந்தப் பெயர் எந்த இடத்தைக் காட்ட வேண்டும், எது காலாவதியாகப் போகிறது, எதைப் புதுப்பிக்க வேண்டும், எல்லாவற்றையும் அவள் கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே முடித்துவிடுவாள். பொத்தானும் படமும் அவளுக்கு ஆகாது. ஒரு பெயர் யாருடையது என்று கேட்க 'ஹூ இஸ்' என்று தட்ட வேண்டும். யார் அது என்று அர்த்தம். உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவன் கேட்டாலும் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் வந்துவிடும்: உரிமையாளர் பெயர், முகவரி, கடைசியாக மாறிய நேரம்.

"வாசல்ல எவன் வந்து நின்னாலும் அம்மா யாருன்னு கேக்காது, வா சாப்பிடுன்னுதான் கேக்கும். கம்ப்யூட்டர்ல மட்டும் நாள் பூரா 'யார் அது, யார் அது'ன்னு அதட்டிக்கிட்டே இருக்கும்" என்று தாமியான் கேலி செய்வான்.

அவன் முழுகிச் சிப்பி எடுக்கிறவன். கடலுக்கடியில் எடுத்த படங்களைப் போட்டு வைக்கத் தன் பெயரிலேயே ஒரு இணையப் பெயர் வாங்கியிருந்தான். அம்மாவை நம்பாமல் இல்லை. இருந்தாலும் உரிமையாளராகத் தன்னையே எழுதிக்கொண்டான். உரிமையாளர் அல்லாத ஒருவர் அதில் எதையாவது மாற்றினால், உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு ஒரு கேள்வி போகும். அவர் சரி என்று பதில் போட்டால்தான் மாற்றம் நடக்கும். அந்த மின்னஞ்சலைத் திறக்கும் சொல் அவனோடு போய்விட்டது.

மாற்றச் சொல்லிக் கேட்டது அவள்தான், வீட்டை இழுத்த அன்றைக்கு.

பழைய வீடு கரையோரம் மரக்கால்களின் மேல் நின்றது. கடல் ஏறும்போதெல்லாம் தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் தட்டும், யாரோ உள்ளே விடச் சொல்வது மாதிரி. தாமியான் போன பிறகு ஓதிலியாவால் அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. மழை தொடங்குமுன் ஊரே கூடி, மாடுகளைப் பூட்டி, வீட்டைக் கூரையோடும் அடுப்போடும் அப்படியே மேட்டுக்கு இழுத்துக் கொடுத்தது. ஊர்வழக்கம் அது, இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு. அவள் புருஷன் எலீசெயோ மட்டும் கயிற்றைத் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை.

ஏனென்றால் தாமியான் கடலோடு போன அன்று படகில் இருந்தவன் எலீசெயோ. மேலே காற்றழுத்தும் எந்திரம் ஓடும். அதிலிருந்து ஒரு மஞ்சள் குழாய் தண்ணீருக்குள் முழுகுகிறவனின் வாய்க்குப் போகும். அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பதுதான் அப்பனின் வேலை. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் நலம். இரண்டு இழுப்பு வந்தால் மேலே தூக்கு. "இழுப்பே வரல. குழா லேசா வந்துச்சு" என்று கரையேறியதும் சொன்னான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் வருகிற பதிலை வைத்துக்கொண்டு இருவரும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

வீடு மேட்டில் வந்து உட்கார்ந்த அன்று சாயங்காலம், விருந்து முடிந்து ஊர் கலைந்தது. ஆப்பிள் கள் கொஞ்சம் தலைக்கேறியிருக்க, ஓதிலியா கறுப்புத் திரையைத் திறந்தாள். இடம் மாறினால் முதல் வேலை முகவரியை மாற்றுவது. இல்லையென்றால் வருகிறவன் பழைய வாசலில் போய் நின்று ஏமாறுவான். அவள் தொழிலில் அது அரிச்சுவடி. தாமியானின் பெயரை எடுத்து, முகவரி என்ற இடத்தில் தட்டினாள்: மேட்டுப் பாதை முடியும் இடம். மஞ்சள் வீடு. விளக்கு எரியும்.

நடக்காது என்று தெரியும். சம்மதம் சொல்ல ஆளில்லை. அழுவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நடந்திருக்கிறது.

எலீசெயோ அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். வெளியே மதியமே இருட்டத் தொடங்கியிருந்தது, இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்து வழக்கம்போல. மழை ஓட்டுப்பலகைகளில் ஒரே சீராகப் பெய்தது.

"கிழவா, தாமியோட மெயில் பாஸ்வேர்டு ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு என் செல்லோட பாஸ்வேர்டே தெரியாது கிழவி. நீதான் தொறந்து குடுக்கிற."

"யாராவது ஒன்னக் கேட்டாங்களா?"

"எங்கிட்ட யாரு என்னத்தக் கேக்கப் போறா" என்றான். கத்தி கிழங்கைச் சுற்றி மெதுவாகப் போனது.

எவனோ திருட்டுப் பயல் திறந்திருக்கிறான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செத்தவர்களின் பெட்டிகளைத் திறப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 'ஹூ இஸ்' தட்டினாள். அவளே எழுதிய வார்த்தைகள் திரும்பி வந்தன. மேட்டுப் பாதை முடியும் இடம். மஞ்சள் வீடு. விளக்கு எரியும். கடைசியாக மாறிய நேரம்: இன்று. மணியைப் பார்த்ததுமே தெரிந்தது, கடல் வற்றத் தொடங்கிய நேரம். மேட்டுக்கு வந்த பிறகும் அந்த நேரங்கள் அவள் உடம்பைவிட்டுப் போகவில்லை.

அப்போதுதான் வாடை வந்தது. ஈரப்பாசி, துருப்பிடித்த இரும்பு, முழுகுகிறவர்கள் போடும் ரப்பர் உடுப்பைக் காயாமல் சுருட்டி வைத்தால் வருகிற அந்தப் புளித்த நெடி. கரை இங்கிருந்து எவ்வளவோ கீழே இருக்கிறது. அடுப்பில் விறகு ஈரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலை இறுக்கிச் சாத்தினாள். வாடை குறையவில்லை.

தாமியானின் பெயருக்குப் பதில் சொல்லும் கணினிப் பெட்டி அவள் மேஜைக்கடியில்தான் இருந்தது. அந்தப் பெயர் எங்கே என்று எவராவது கேட்டால், திரையில் ஒரு வரி விழும். வாரக்கணக்கில் ஒன்றும் விழாது. அவளே ஏதாவது கேட்டு ஒரு வரி விழச் செய்து பார்த்துக்கொள்வாள். இன்று அதைத் திறந்தபோது ஒரு வரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே இன்னொன்று விழுந்தது. எங்கே? சற்றுப் பொறுத்து இன்னொன்று. எங்கே?

கேட்டவர் எண்ணைப் பார்த்தாள். அவளுடைய பழைய வீட்டு இணைய இணைப்பின் எண். வீட்டை இழுக்குமுன் அந்தக் கம்பியைத் தன் கையாலேயே வெட்டிச் சுருட்டியவள் அவள்.

எண்ணை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். கொடுப்பது உண்டுதான்.

எர்மீந்தாவுக்குப் போன் போட்டாள். தாமியானுக்கு ஞானத்தாய் அவள்; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய வீடு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் கரையில் குடியிருப்பவள்.

"கொமாத்ரே, எங்க பழைய எடத்துல யாராச்சும் இருக்காங்களா, பாரு."

"அங்க என்ன இருக்கு, மரக்கால்தான் நிக்குது." எர்மீந்தா ஜன்னலருகே போவது கேட்டது. ஜன்னல் கதவு திறக்கிற சத்தம் வந்தது. "தண்ணி வத்திப்போச்சு கொமாத்ரே. ஆனா சேத்துல யாரோ நடக்கிற சத்தம் வருது. ஆளக் காணல."

"நாயா இருக்கும்."

"நாய் இப்பிடி நின்னு நின்னு நடக்காது. ஓதிலியா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. வீடு எங்க போகுதுன்னு எங்கயாவது சொன்னியா?"

"ஏன்?"

"எங்கம்மா சொல்லும். கடல்ல போய் ஒடம்பு வராதவங்க வீட்டத் தேடிக்கிட்டுத்தான் இருப்பாங்க. வந்து வெறுங் கட்டையப் பாத்தா, கொஞ்ச நேரம் நின்னு அழுதுட்டுத் திரும்பிருவாங்க. அதனாலதான் வீட்ட இழுக்கும்போது போற எடத்து பேர வாயால சொல்லாதன்னு எங்கம்மா அடிச்சிக்கும். நான் அன்னைக்கு எல்லார் வாயவும் பொத்தினேனே, நீ பாக்கலயா?"

"நான் யார்கிட்டயும் சொல்லல." ஓதிலியா திரையைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதி வெச்சேன்."

"எங்க?"

"கேட்டா சொல்ற எடத்துல. யாரு கேட்டாலும் சொல்லும்."

போனில் அலைச்சத்தம் மட்டும் வந்தது. கடல் வற்றிய நேரத்தில் அவ்வளவு அலை இருக்கக் கூடாது.

"அழிச்சிரு" என்றாள் எர்மீந்தா. குரல் உடைந்திருந்தது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? என் புருஷனும் அங்கதான் கெடக்கான். இந்தக் கரையில போனது உம் பிள்ள ஒருத்தனா? அழிச்சிரும்மா."

ஓதிலியா திரையின் முன் உட்கார்ந்தாள். அழிக்கிற கட்டளை சின்னது. எத்தனையோ கடைக்காரர்களுக்கு யோசிக்காமல் தட்டியிருக்கிறாள். இதைத் தட்டினால் உலகத்தில் எங்கே போய்க் கேட்டாலும் அப்படி ஒரு பெயர் இல்லை என்றுதான் பதில் வரும். புதைக்க உடல் கிடைக்கவில்லை, கல்லில் பெயர் வெட்டவில்லை. அவனுக்கென்று மிச்சமிருந்தது இந்தப் பெயர்தான். பெற்றவளே அதை அழிக்க வேண்டுமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வரிகள் விழுந்துகொண்டே இருந்தன. எங்கே? எங்கே?

"மன்னிச்சிரு தங்கம்" என்று சொல்லித் தட்டினாள்.

உரிமையாளரின் சம்மதம் தேவை. கேள்வி அனுப்பப்பட்டது.

காத்திருந்தாள். மழை நின்றது. ஓட்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தமும் இல்லை. எலீசெயோ கத்தியை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

உரிமையாளர் மறுத்துவிட்டார்.

அதன் பிறகு வரிகள் ஒவ்வொன்றாக விழவில்லை. கொட்டின. படிக்க முடியாத வேகம். எல்லாம் ஒரே கேள்வி. எண்கள் மட்டும் வேறு வேறு. அவளுக்குத் தெரியாத எண்கள். எங்கே. எங்கே. எங்கே. திரை மேலே ஓடிக்கொண்டே இருந்தது.

தரை அசைந்தது.

ஒரு இழுப்பு. அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின.

வீட்டை இழுத்த தடிக்கயிறு இன்னும் வீட்டின் அடிக்கட்டையில்தான் கட்டியிருந்தது. மறுமுனையைப் படிக்குக் கீழே சுருட்டிப் போட்டிருந்தார்கள். அவிழ்த்து வைக்க எலீசெயோவுக்கு மனசு வரவில்லை.

இழுப்பு. மறுபடி இழுப்பு.

எலீசெயோ எழுந்தான். மடியிலிருந்த கிழங்குத்தோல் தரையில் விழுந்தது.

"ரெண்டு" என்றான்.

"கிழவா. போகாத."

"ரெண்டு இழுத்தான் கிழவி. அன்னைக்கும் ரெண்டு இழுத்தான். நான் எந்திரத்துக்கு எண்ணெ ஊத்திக்கிட்டு இருந்தேன். அலைன்னு நெனச்சேன்." அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது. "அலைன்னு நெனச்சிட்டேன்."

அவள் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த பதில் வந்துவிட்டது. அதைக் கேட்டும் கோபம் வரவில்லை, பிள்ளை வருகிறான் என்பது மட்டுமே நெஞ்சில் இருந்தது. கதவருகே தொங்கிய விளக்கை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். விளக்கு எரியும் என்று எழுதிக் கொடுத்திருந்தாளே.

படிக்குக் கீழே சுருள் இல்லை. கயிறு புல்லின் மேலாகச் சரிவில் நீண்டு, மூடுபனிக்குள் போயிருந்தது. விறைப்பாக. தண்ணீர் சொட்டச் சொட்ட.

எலீசெயோ கால்களை அகட்டி நின்றான். கயிற்றைப் பிடித்தான். கைக்கு மேல் கை. பழைய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

"மெதுவா வா தாமி. அவசரப்படாத. மெதுவா. அப்பா புடிச்சிருக்கேன்."

பனி கலைந்தது. முதலில் ஒரு கையுறை தெரிந்தது. ஆரஞ்சு நிற ரப்பர், கட்டைவிரலில் ஓட்டை, அதன்மேல் அவளே ஒட்டிய கறுப்பு ஒட்டு. ஓதிலியாவுக்கு அந்த ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. விளக்கை உயர்த்தினாள்.

கையுறைக்குப் பின்னால் கயிற்றை இன்னொரு கை பிடித்திருந்தது. அதில் கையுறை இல்லை.

அதற்குப் பின்னால் ஒன்று. விரல் குறைந்தது. அதற்குப் பின்னால் சின்னக் கை. அதற்கும் பின்னால், சரிவு நெடுக, பனிக்குள் பார்வை போகிற மட்டும், கயிற்றில் இடமே இல்லாமல் கைகள். உள்ளே திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்பவர் எல்லாருக்கும் பெட்டி பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எலீசெயோ நிமிர்ந்து பார்க்கவில்லை. மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இழுத்தான்.