நலங்கு அன்று சிவந்த முகம்

புஹாரியின் துப்பறியும் அலுவலகத்துக்கு ஆள் வருவது அபூர்வம். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே யசோதினி கதவருகே போய் நின்றுவிடுவாள். அன்று காலை மட்டும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. வந்தது நளீரா.

"புஹாரி நானா, என்னைக் காப்பாத்துங்க" என்று அண்ணன் முறையில் அழைத்தபடி நளீரா உட்கார்ந்தாள். அழுது வீங்கிய கண்ணோடும் அவள் அழகாகத்தான் இருந்தாள். அதுவே யசோதினிக்குப் பொறுக்கவில்லை.

பொறுக்காததற்குக் காரணம் இருந்தது. பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. தோட்டத்துப் பெண்கள் நல்ல கிரீமோ சவர்க்காரமோ வாங்க டவுனுக்கு வந்து அலைகிறார்களே, மாதத்துக்கு ஒரு பெட்டியாகக் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பினால் என்ன என்று ஒருநாள் பாண் தின்றுகொண்டே சொன்னது யசோதினி. கேட்டுக்கொண்டிருந்தது நளீரா. பிறகு வாப்பாவின் கடையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு 'நூர் பெட்டி' என்று பெயர் வைத்து நடத்திக் காட்டியதும் நளீராதான். இன்று பசறை, ஹாலிஎல, அப்புத்தளை என்று அந்தப் பெட்டி போகாத ஊர் இல்லை. யசோதினியோ, காப்புறுதிக் கம்பனியில் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்ற புஹாரிக்கு உதவியாளாக, புடைவைக் கடை மாடியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். யோசனை யாருடையது, பேர் யாருக்கு! நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

"பசறைக்கு மேல ஒரு தோட்டம். தயானின்னு ஒரு புள்ள, என் பெட்டி எடுக்கிறவ. நாளன்னைக்குக் கல்யாணம்" என்றாள் நளீரா. "இன்னைக்கு விடியக்காலம் நலங்கு வச்சாங்களாம். என் கிரீம் பூசின முகம் நெருப்புப் பட்ட மாதிரி சிவந்து போச்சாம். படம் எடுத்து எங்க கஸ்டமர் குரூப்ல போட்டாங்க. நான் உடனே அழிச்சேன். அதுக்குள்ள யாரோ அதை வெளியில அனுப்பிட்டாங்க. ஹாலிஎல பொம்பளைங்க குரூப்ல போய், மாப்பிள்ளையோட அம்மா பார்த்துட்டாங்க. பொண்ணு முகம் இப்படி இருந்தா கல்யாணத்தைத் தள்ளி வைங்கன்னு போன் எடுத்துட்டாங்களாம். என் பெட்டியால ஒரு கல்யாணம் நின்னா, நானா, அதுக்குப் பொறகு நான் எந்த முகத்தோட பெட்டி கட்டுவேன்?"

அவள் போனை நீட்டினாள். புஹாரி மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படத்தை நிதானமாகப் பார்த்தார். எதையும் எட்டிப் பார்க்கிற யசோதினி அன்று எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? காலையில் பஸ்ஸில் வரும்போதே பார்த்துவிட்டாள். நளீராவின் பெட்டியில் என்றாவது ஒரு குறை அகப்படாதா என்று தங்கச்சி பெயரில், தன் இரண்டாவது சிம்மில், மாதாமாதம் பெட்டி வாங்குகிறவள் அவள். அகப்பட்டது என்ற சந்தோஷத்தில் கை தானாக ஓடிற்று. "காசும் குடுத்து முகத்தையும் வேக வைக்கணுமா? உஷார்" என்று எழுதி, தன் ஊர்க் குரூப்புக்குத் தட்டிவிட்டாள். அவளுடைய ஊர் ஹாலிஎல.

மாப்பிள்ளை வீடும் ஹாலிஎல என்பது அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

"மலிவா சரக்கு எடுத்திருப்பா சேர்" என்றாள் யசோதினி, நளீரா முகம் கழுவப் போன நேரம் பார்த்து. "லாபத்துக்கு ஆசைப்பட்டிருப்பா."

"இருக்கலாம்" என்றார் புஹாரி. "போய்ப் பார்த்துட்டுச் சொல்லுவோம். யசோ, உன்னோட சென்ட் மாறியிருக்கா? ஒரு வாரமா ஒரு சந்தன வாசம்."

"பவுடர் சேர்" என்று அவள் சட்டென்று சொன்னாள்.

நளீராவின் தம்பி ஷாஹ்மி வேன் ஓட்டினான். பசறைப் பாதையின் வளைவுகளில் வேன் ஆடியபோதெல்லாம் நளீரா துவா ஓதினாள். கிரீம் எல்லாம் ஒரே பெரிய டின்னில் வந்தது, தானே போத்தல்களில் அடைத்தது, வேறு ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை என்றாள். பெட்டிகளைக் கொண்டுபோகும் பஸ் கண்டக்டர் சுரேஸ் வழியில் ஏதாவது செய்திருப்பானோ என்றும் கேட்டாள்.

"போத்தல் வாயில வெள்ளித் தாள் ஒட்டித்தானே அனுப்புறீங்க? கிழிஞ்சிருந்தா அந்தப் புள்ள வாங்கியிருக்க மாட்டா" என்றார் புஹாரி. "கண்டக்டரை விடுங்க."

லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான தயானியின் வீட்டில், முன் திண்ணையான இஸ்தோப்பில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. வாசற்படி ஓரமாக ஆரத்தித் தட்டு ஒன்று, சிவந்த தண்ணீரோடு அப்படியே கிடந்தது. சுற்றிப் போட்டு முச்சந்தியில் ஊற்றக்கூட யாருக்கும் மனம் வரவில்லை போலும். தயானியின் அப்பா மாடசாமி சுவரில் சாய்ந்து நின்றார்.

அத்தை இராக்கம்மாதான் பேசினாள். "உள்ளுக்கு வாங்க நானா. வந்து பாருங்க இந்தப் புள்ளையோட கெதியை. என் கையால மஞ்சள் பூசினேன். பூசப் பூசச் சிவக்குது! இந்தா, என் கையும்தான். அந்த விஷம் எனக்கும் ஏறிருச்சு." துணி சுற்றியிருந்த வலது கையை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளங்கை செக்கச் சிவந்திருந்தது.

"எரியுதாம்மா?"

"எரியல. சிவப்புத்தான் போக மாட்டேங்குது."

கட்டிலில் தயானி உட்கார்ந்திருந்தாள். நெற்றியும் கன்னமும் நாடியும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. கைகளிலும் கால்களிலும் பூசிய மஞ்சள் மட்டும் காய்ந்து பளிச்சென்று மஞ்சளாகவே இருந்தது. நளீரா அவள் காலடியில் போய்க் குந்திக்கொண்டு, "தங்கச்சி, சத்தியமா நான் நல்ல சாமான்தான் அனுப்பினேன்" என்று அழுதாள். தயானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரும் கழுவி விடலையா?" என்று புஹாரி கேட்டார்.

"வெந்த முகத்துல தண்ணி படக் கூடாது, கொப்புளிச்சிரும்னு ஜெயா சொல்லிச்சு. பயந்து போய் நாங்க யாரும் தொடவே இல்ல. என் கையைக்கூட நனைக்கல" என்றாள் இராக்கம்மா.

ஜெயா என்கிற ஜெயலெட்சுமி தயானியின் மாமன் மகள், ஒரே வயது, சுவரை ஒட்டிய அடுத்த காம்பிரா வீடு. அவள்தான் படத்தையும் எடுத்து, தயானியின் போனிலிருந்து குரூப்பில் போட்டது. தலைமாட்டில் நின்று தயானிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "நாலு பேர் ஏமாறக் கூடாதுன்னுதான் போட்டேன்" என்றாள் அவள் நளீராவைப் பார்த்து.

"தங்கமான புள்ள. கோலம் போட்டது, ஆரத்தி கரைச்சது எல்லாம் அதுதான்" என்ற இராக்கம்மா, குரலைத் தணித்து யசோதினியின் காதில், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொதல்ல ஜெயாவைப் பொண்ணு பார்க்கத்தான் வந்தாங்க. தண்ணி கொண்டாந்து குடுத்த தயானியைப் பார்த்துட்டு இதையே கேட்டுட்டாங்க. அதை மனசுல வச்சுக்காம நிக்குது பாருங்க" என்றாள்.

யசோதினி பார்த்தாள். ஜெயலெட்சுமியின் கை விசிறியது; கண் தயானியின் சிவந்த கன்னத்திலேயே இருந்தது. அந்தப் பார்வையில் இரக்கமும் இருந்தது, அதற்கடியில் ஒரு திருப்தியும் இருந்தது. அதை யசோதினி எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசித்தவள், காலையில் பஸ் கண்ணாடியில் தெரிந்த தன் முகம் ஞாபகம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கிரீம் எங்க?" என்றார் புஹாரி.

போத்தல் ஜன்னலோரத்தில் மூடி திறந்தபடி இருந்தது. மாடசாமி ஓரடி பின்வாங்கினார். இராக்கம்மா, "அதைத் தொடாதீங்க நானா!" என்றாள். ஜெயலெட்சுமி போய் எடுத்து வந்து கொடுத்தாள். விளிம்பில் வழிந்திருந்த கிரீம் விரலில் ஒட்டியதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

புஹாரி முகர்ந்தார். ஒரு துளியை விரல்களுக்கிடையில் தேய்த்தார். "நறநறன்னு இருக்கே" என்று யசோதினியிடம் நீட்டினார். சந்தன வாசம் குப்பென்று வந்தது. அவளுடைய போத்தலில் இருக்கும் கிரீம் வெண்ணெயாக வழுக்கும். இதில் மெல்லிய மணல் கலந்ததுபோல் இருந்தது. அது தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாமல் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மகள், ஒரு சந்தேகம்" என்றார் புஹாரி தயானியிடம். "கிரீமை எப்பவும் முகம் கழுவின பொறகுதானே போடுவாங்க? நீங்க நலங்குக்கு முன்னாலயே ஏன் போட்டீங்க?"

"நானும் பொறகு போடலாம்னுதான் இருந்தேங்க. முன்னாலயே போட்டா மஞ்சள் தோல்ல ஊறாது, கழுவ லேசுன்னு ஜெயா சொல்லுச்சு. அதுவே போத்தலை எடுத்துட்டு வந்து பூசியும் விட்டுச்சு."

விசிறி நின்றது.

புஹாரி இஸ்தோப்புக்கு நடந்தார். "யசோ, எனக்கு உங்க சடங்கு ஒண்ணும் தெரியாது. இந்தத் தட்டுல தண்ணி ஏன் இப்படிச் சிவப்பா இருக்கு? சாயமா?"

"சாயம் இல்ல சேர். தண்ணியில மஞ்சள் கரைச்சு, அதுல வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு கொஞ்சம் போட்டா..." யசோதினி பாதியில் நிறுத்தினாள். தட்டைப் பார்த்தாள். உள்ளே கட்டிலைப் பார்த்தாள். இரண்டும் ஒரே சிவப்பு. "அல்லாவே!" என்றாள் நளீரா. இராக்கம்மா தன் உள்ளங்கையை வெறித்துப் பார்த்தாள். வீட்டு நல்ல காரியம் ஒவ்வொன்றுக்கும் அவள் கரைத்த ஆரத்திதான். மங்கலமாகத் தட்டில் பார்த்த நிறத்தை முகத்தில் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் போயிற்று.

"ஒரு தேசிக்காய் குடுங்க" என்றார் புஹாரி.

அந்த எலுமிச்சையைப் பிழிந்து தண்ணீர் விட்டு, பஞ்சில் நனைத்து, முதலில் இராக்கம்மாவின் உள்ளங்கையில் தேய்க்கச் சொன்னார். சிவப்பு மறைந்து மஞ்சள் வந்தது. பிறகு தயானியின் கன்னத்தில். அங்கேயும் அப்படித்தான். முகத்தைக் கழுவித் துடைத்ததும், காலையில் இருந்த அதே பெண் கண்ணாடியில் நின்றாள். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு காயம் இல்லை. மாடசாமி சுவரை விட்டு நகர்ந்து வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அவர் அழுதார்.

"வேகலை. நிறம் மாறினது மட்டும்தான்" என்றார் புஹாரி. "கிரீம் மட்டும் பட்ட இடமும் சிவக்கலை, மஞ்சள் மட்டும் பட்ட கையும் காலும் சிவக்கலை. ரெண்டும் சேர்ந்த இடம்தான் சிவந்தது. அதனால கிரீமுக்குள்ள சுண்ணாம்பு இருக்கு. பெட்டியிலயே வந்திருந்தா ஊர் பூரா இருக்கணும்; இல்ல. வெள்ளித் தாளைக் கிழிச்ச பொறகு, இந்த வீட்டுக்குள்ளதான் விழுந்திருக்கு. யாரு போட்டது? கிரீமை மஞ்சளுக்கு முன்னால பூசச் சொன்னவங்க. தண்ணி பட்டா குட்டு வெளிப்பட்டுரும்னு கழுவ விடாதவங்க. எல்லாரும் விஷம்னு ஒதுங்கின போத்தலை, ஒண்ணும் செய்யாதுன்னு தெரிஞ்சு வெறும் கையால எடுத்தவங்க. காலையில ஆரத்தி கரைக்கச் சுண்ணாம்பு கையில வச்சிருந்தவங்க. எல்லாம் ஒரே ஆள்."

ஜெயலெட்சுமி மறுக்கவில்லை. விசிறியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைத்தான் பார்க்க வந்தாங்க" என்றாள். "எனக்குத்தான் சீலை கட்டிப் பூ வச்சு விட்டாங்க. சும்மா தண்ணி கொண்டாந்தவளைக் கேட்டாங்க. இன்னைக்கு ஒரு காலைக்கு, ஒரே ஒரு காலைக்கு, அவ அழகா இல்லாம இருக்கணும்னு நெனச்சேன். பழி பெட்டி மேல போகட்டும்னுதான் அந்தக் குரூப்ல போட்டேன். ஆனா ஹாலிஎலைக்கு நான் அனுப்பல. மாரியம்மா சத்தியம். கல்யாணம் நிக்கணும்னு நான் நெனைக்கல."

"இவ பொய் சொல்றா" என்றாள் இராக்கம்மா. "வேற எவ அனுப்புவா?"

புஹாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தின் நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. யாரையும் அவர் பார்க்கவில்லை. வீட்டுக்குள் சந்தன வாசம் நிறைந்திருந்தது. அது போத்தலில் இருந்து வருகிறதா, தன் முகத்தில் இருந்து வருகிறதா என்று யசோதினிக்கே தெரியவில்லை. ஒரு வாரமாக அதை முகர்ந்த அந்த மனுஷனுக்கு, அவளும் நூர் பெட்டி எடுக்கிறாள் என்று இப்போது தெரிந்துவிட்டது.

பேசாமல் இருந்தால் பழி முழுவதும் ஜெயலெட்சுமியோடு போய்விடும். யசோதினி அவளைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருப்பது தானே என்று தோன்றியது.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள்.

நளீரா திரும்பினாள். "நீயா? உனக்கு எப்படி அந்தப் படம்..."

"உன் பெட்டியைத் தங்கச்சி பேர்ல நானும் எடுக்கிறேன். குறை கண்டுபிடிக்க. ஒண்ணும் கிடைக்கல. இன்னைக்குக் கிடைச்சுதுன்னு நெனச்சேன்." நளீராவுக்கு எதிரே வந்து நின்றாள். "யோசனை என்னோடது நளீரா. உனக்கு ஞாபகமாவது இருக்கா?"

"இருக்கு" என்றாள் நளீரா. "அதனாலதான் உன்னைக் கண்டா வேகமா கடந்து போவேன்."

"அதெல்லாம் வேன்ல பேசுங்க" என்றார் புஹாரி. "இப்ப ஹாலிஎலைக்கு யாராவது பேசணும். பொண்ணு வீட்டார் சொன்னா மூடி மறைக்கிறாங்கன்னு நெனைப்பாங்க. நளீரா சொன்னா வியாபாரம்னு நெனைப்பாங்க. படத்தைப் பரப்பின ஆளே சொன்னாத்தான் நம்புவாங்க."

மாடசாமி மாப்பிள்ளை வீட்டுப் போன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். வீடியோவில் மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். யசோதினி நடந்ததைச் சொன்னாள்; படத்தைத் தான் அனுப்பியது தப்பு என்றாள். சுண்ணாம்பு போட்டது யார் என்று மட்டும் சொல்லவில்லை, வீட்டில் நடந்த தவறு என்றாள். தயானியின் முகத்தைக் காட்டினாள்.

அந்த அம்மா லேசில் விடுகிற ஆளில்லை. "இப்பக் கழுவினது சரி. நாளைக்கு வேற என்னமும் கிளம்பினா? அந்தக் கிரீமைப் பூசி நல்லா இருக்கிற ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம்."

யசோதினி போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் பூசுறேங்க. ஒரு வாரமா, தினமும்."

திரைக்குள்ளிருந்த கண்கள் கிட்டே வந்து அவள் முகத்தை மேய்ந்தன. "அட, பளபளன்னுதானே இருக்கு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "சரி, சொன்ன நாள்ல கல்யாணம் நடக்கட்டும். எம் மகளுக்கும் முகமெல்லாம் பரு. அது எங்க புள்ள கிடைக்கும்?"

அறையில் எல்லோரும் யசோதினியையே பார்த்தார்கள். ஜெயலெட்சுமிகூடத் தலையைத் தூக்கினாள். தயானி மெதுவாக ஜெயலெட்சுமியின் பக்கம் குனிந்து, "கல்யாணத்துக்கு வா. ஆனா ஆரத்தி நீ கரைக்காத" என்றாள்.

"சொல்லு புள்ள, எங்க?" என்றது போன்.

"பதுளையில" என்றாள் யசோதினி. நளீராவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நளீராவோட நூர் பெட்டின்னு கேளுங்க. நல்ல சாமான்."