சுவருக்கு அப்பால் நாகராஜ்

ராயப்பேட்டைச் சந்தில் இருந்த அந்தப் பாதி வீட்டுக்கு நஸ்ருன்னிசா குடிவந்தது 1942 மழைக்காலத்தில். தந்திக் கம்பி அறுத்த வழக்கில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த அவள் கணவன் ஹனீஃபா, பர்தா அணிந்து, உறவுக்காரப் பெண்ணைப்போல எப்போதாவது வந்து போவான். அவன் தலை அவள் நாக்கு நுனியில் தொங்கியது.

அறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அப்பால் பூட்டிய அறை.

"சிஐடி நாகராஜ் போட்ட ஓட்டை. முன்ன குடியிருந்தவங்கள ஒட்டுக்கேக்க," என்றாள் வீட்டுக்கார அமீனா பீ. "பயப்படாதம்மா. காலரா வந்து அந்த ரூம்லியே செத்துப் பூட்டாரு."

நஸ்ருன்னிசா பஞ்சை வைத்து அடைத்தாள். விளக்கேற்றும் நேரம் பார்த்தால், பஞ்சு அவள் பக்கத்துத் தரையில் கிடந்தது.

எடுத்தாள். வெதுவெதுவென்றிருந்தது.

பீடி வாசனை அடித்தது.

ஹனீஃபா வந்தபோது ஓட்டையைக் காட்டினாள். அவன் சிரித்தான். "செத்தவன் இன்னா பண்ணுவான், நஸ்ரு?"

பிறகு அவள் காதில் உதடு படச் சொன்னான். "வெள்ளிக்கிழமை சைதாப்பேட்டை பாலத்தாண்ட வண்டி வருது. இந்தப் பர்தாவோடவே ஏறிடுவேன்."

சுவருக்குள் மூச்சு ஒன்று நின்றது.

வெள்ளிக்கிழமை, பாலத்தருகே பர்தா அணிந்த பெண்கள் பலர் நின்றிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வேறு யாரையும் பார்க்கவில்லை. நேரே ஹனீஃபாவிடம் போய் முகத்திரையைத் தூக்கினார். ஓடியவனை முதுகில் சுட்டார்கள்.

துளை விழுந்த பர்தாவை இன்ஸ்பெக்டரே கொண்டுவந்து கொடுத்தார்.

"யாரு சொன்னது?" என்றாள்.

"நம்ம நாகராஜ்தான். தினம் காலைல காதாண்ட வந்து சொல்வான்."

"அவரு செத்துட்டாரு."

"தெரியும்மா. செத்தப்புறம்தான் ஒழுங்கா வேலை பாக்கறான். லீவே கேக்கறதில்ல."

நஸ்ருன்னிசா விதவைக்குரிய இத்தா இருந்தாள். அது முடியும்வரை அந்நிய ஆணின் கண் அவள்மேல் படக்கூடாது. அமீனா பீ ஜன்னலை மூடினாள், கதவுக்குத் திரை கட்டினாள், ஓட்டையைச் சுண்ணாம்பு குழைத்துத் தானே பூசினாள்.

"இனிமே ஒரு ஈ கூட உன்னப் பாக்காது."

அவள் போனதும் வெள்ளைப் புடவையை முகத்தில் பொத்திக்கொண்டாள் நஸ்ருன்னிசா. நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை தொண்டைக்கு ஏறியது.

ஈரச் சுண்ணாம்பு பொத்தென்று விழுந்தது.

பீடி வாசனை.

யாருக்கோ தகவல் சொல்வதுபோல, மெதுவாக, ஒரு குரல்:

"இன்னும் அழல சார். இப்ப அழுவா."