பெட்டியைத் தொட்டது யார்?

நாயாற்றில் எந்த வீட்டுக்கு என்ன சாமான் வந்தாலும், அது குசினிக்குப் போகுமுன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். நிறோஜனின் அறைக்கு வந்த கறுத்தப் பெட்டி மட்டும் கொஞ்சம் தாமதம். பின்னேரம்தான் தெரிந்தது.

பெட்டியில் எட்டுக் குமிழ்கள். மடிக்கணினியோடு தொடுத்துத் திருகினால் பாட்டில் மேளம் கூடும், குரல் குறையும். 'மிடி கொன்ரோலர்' என்று பெயராம். கிளிநொச்சியில் பாட்டுப் பதிவு செய்யும் கோகுலன் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தான். "பாவிச்சுப் பார்த்து, நல்லதோ கூடாதோ எண்டு சொல்லு மச்சான்." இவ்வளவுதான் கூட வந்த விளக்கம்.

நிறோஜன் கோயில் திருநாள் பாட்டைப் போட்டு, குமிழ்களைச் சரியான இடங்களில் நிறுத்தி, பாட்டை மூடி, மடிக்கணினியை நிறுத்திவிட்டுப் படுத்தான். காலையில் பாட்டைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனான். வந்து பார்த்தால் குமிழ்கள் எல்லாம் வேறு இடத்தில்!

"பிறின்சி!"

அந்த வீட்டில் எதையும் தொட்டுப் பார்க்காமல் விடாத ஆள் அவன் தங்கச்சி ஒருத்திதான்.

"நான் தொடேல்லை அண்ணா."

"அப்ப பேயோ தொட்டது?"

"பேய்க்கும் பாட்டு விருப்பமா இருக்கும்."

அன்றிரவு குமிழ்களைத் திரும்பச் சரியாக வைத்து, அறையைப் பூட்டித் திறப்பையும் தன்னோடு வைத்துக்கொண்டான். மறுநாள் பாட்டைத் திறந்து, அறையைப் பூட்டித் தேத்தண்ணிக்குப் போய் வந்தாலும் அதே கூத்து.

"ஜன்னலால பூந்திருக்கிறாய்!"

"அந்தக் கம்பிக்குள்ளால பூனையே வராது!"

"கதைக்காத. திருநாள் பாட்டில நீ தனியாப் பாடுற வரியை பக்கத்து வீட்டு யதுசாவிட்டக் குடுக்கப்போறன்."

கிணற்றடியில் பிறின்சி பாடிப் பாடி, அந்த வரி அயலட்டைக்கே மனப்பாடம். அம்மா சுசிலாவும் ஒரு பார்வை பார்த்தா. நம்பாத பார்வை.

அழுது என்ன செய்வது? கள்ளனைப் பிடிக்க வேண்டும். அப்பாவின் தூண்டில் தங்கூசி நூலை எடுத்தாள். தண்ணீருக்குள் மீன் கொத்துவது கண்ணுக்குத் தெரியாது. நூல் பிடித்த விரலுக்குத் தெரியும்.

"அண்ணா, குமிழ்களை உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வைச்சிட்டு பாட்டை மூடுங்கோ."

பிறகு ஒரு குமிழில் தங்கூசியைச் சுற்றி ஒட்டினாள். மற்ற நுனியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் அம்மாவின் விரலில் சுற்றினாள். தானும் பக்கத்தில் கைகட்டிக் குந்தினாள்.

"இப்பத் திறவுங்கோ. பெட்டியில கை வைக்காதேங்கோ."

நிறோஜன் அரைச் சந்தேகத்தோடு பாட்டைத் திறந்தான்.

"ஐயோ, இழுக்குது!" அம்மா துள்ளி எழும்பினா. "கொடுவா மீன் கொத்தின மாதிரி இழுக்குது!"

எட்டுக் குமிழ்களும் ஆள் தொடாமலே திரும்பி நின்றன.

"உள்ளுக்க மோட்டார்!" நிறோஜன் வாயைப் பிளந்தான். "பாட்டில இருக்கிற மாதிரி அதுவே திரும்புது. அப்ப நான் வைச்ச இடம் ஏன் அதுக்குத் தெரியேல்லை?"

"மூட முதல் சேவ் பண்ணினீங்களோ?"

நிறோஜனின் காது சிவந்தது. மறுபடி திருப்பி, இம்முறை சேமித்து, மூடித் திறந்தான். குமிழ்கள் வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்நேரம் பார்த்துக் கோகுலனின் அழைப்பு. "பெட்டி எப்பிடி மச்சான்?"

"நல்ல பெட்டியடா. அதில ஒரு பிழையுமில்லை." நிறோஜன் குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சியிலயும் பிழையில்லை. பிழை என்னிலதான். அந்த வரியை அவள்தான் பாடுவாள்."

"கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ அண்ணா," என்றாள் பிறின்சி. "யதுசா வீட்டுக்குக் கேக்கேல்லை!"